அம்மம்மாவின் முகத்தை வீட்டிலேயே அச்செடுப்பது எப்படி?

கனகராயன்கரை | சனி, இரவு 8.40

வணக்கம். கிளிநொச்சிப் பக்கமிருந்து எழுதுகிறேன். அம்மம்மாவுக்கு 84 நடக்கிறது. அவரின் முகத்தைப் பிளாஸ்ரரில் அச்செடுத்து வீட்டில் வைக்க வேண்டும் என்று கனநாள் ஆசை. கால் முறிந்தவர்களுக்குச் சுற்றுகிற பிளாஸ்ரர் பண்டேஜ் இரண்டு உருளை மருந்துக்கடையில் வாங்கினேன். 10 சென்ரிமீற்றர் அகலம், 2.7 மீற்றர் நீளம் என்று உறையில் போட்டிருக்கிறது. அதற்குப் பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் அலுமாரிக்குள் கிடக்கிறது.

ஒரு வீடியோவில் மூக்குக்குள் ஸ்ட்ரோ வைத்துவிட்டு முகம் முழுக்க மூடுகிறார்கள். பார்த்த எனக்கே மூச்சு முட்டியது. அம்மம்மாவுக்குத் தொய்வு, அதாவது இழுப்பு வருத்தம், இல்லை, பிரஷர் மட்டும் இருக்கிறது. தோல் நன்றாக மெலிந்துவிட்டது. நேரே படுத்தால் பத்து நிமிடத்தில் முதுகு நோகிறது என்பார். செய்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

அவசரக்காரன் | சனி, இரவு 9.02

இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை? சீலிங் வேலைக்கு விற்கிற பரிஸ் சாந்து, அதுதான் பிளாஸ்ரர் தூள், ஒரு பை வாங்குங்கோ. கரைச்சு முகத்தில் பூசுங்கோ. மூக்கில் இரண்டு ஸ்ட்ரோ. 20 நிமிடம். முற்றத்தில் வைக்கப் போறதென்றால் வெள்ளைச் சீமெந்து இன்னும் நல்லது, மழைக்கும் நிற்கும்.

பழைய பட்டறை | சனி, இரவு 10.25

பிள்ளை, மேலே தம்பி சொன்னதில் ஒன்றையும் செய்யாதே.

நான் செயற்கைக் கால் செய்கிற பட்டறையில் கனகாலம் நின்றவன். வன்னியில் இந்தப் பண்டேஜைப் பற்றித் தெரியாத ஆட்கள் குறைவு, ஏன் என்று சொல்லத் தேவையில்லை. வெட்டிய காலின் அடியில் ஈரப் பண்டேஜைச் சுற்றி அச்செடுப்போம். இறுகியதும் கழற்றி உள்ளே பிளாஸ்ரர் ஊற்றினால் அந்தக் கால் அப்படியே கையில் வரும். அதை அராவித் திருத்தி, அதற்கு மேல்தான் கால் போகும் கூட்டைச் செய்வது. முகமும் இதே வேலைதான், மூச்சு ஒன்றுதான் வித்தியாசம்.

சீமெந்தை எந்தக் காரணத்துக்கும் தோலில் வைக்கக்கூடாது. அதன் காரம் தோலை அரித்துப் புண்ணாக்கிவிடும். வெள்ளைச் சீமெந்தும் அதே சாமான்தான். பரிஸ் சாந்துக்குக் காரப் பிரச்சினை அவ்வளவு இல்லை, ஆனால் சூடு இருக்கிறது. ஜிப்சக் கல்லைச் சுட்டுத் தண்ணீரை விரட்டித்தான் இந்தத் தூளைச் செய்கிறார்கள். நாம் தண்ணீர் விட்டதும் அது திரும்பக் கல்லாகும், அப்போது சூட்டைக் கக்கும். மெல்லிய பண்டேஜ் இரண்டு மூன்று படை என்றால் இளஞ்சூடு, சுகமாகக்கூட இருக்கும். தடிப்பாக அப்பினால் 60 பாகைக்கு மேலேயும் போகும். 84 வயதுத் தோல் அதைத் தாங்காது.

ஸ்ட்ரோவும் வேண்டாம். மூக்கின் வடிவு கெடும். யாராவது தட்டுப்பட்டால் உள்ளே குத்தும். துவாரத்தைச் சுற்றி விரல் நுனியால் ஆறுதலாக வேலை செய்து, இரண்டு துவாரத்தையும் திறந்தே விட வேண்டும். தடிமன் பிடித்திருந்தால் அன்றைக்கு வேலையே இல்லை.

முதலில் உன் முகத்தில் செய்து பழகு. புருவம், இமை, நெற்றியோர மயிர் எல்லாவற்றிலும் வாசலீனை அப்பி, தலைக்குச் சொப்பின் பையால் ஒரு தொப்பி. பண்டேஜை விரலளவு, இரண்டு விரலளவுத் துண்டுகளாக முதலே வெட்டிக் காய்ந்த தட்டில் வை. ஈரக்கை அதில் படவே கூடாது. வெதுவெதுத் தண்ணீரில் நனைத்து மெல்லப் பிழிந்து, விளிம்பிலிருந்து தொடங்கு. ஓரத்தில் நாலைந்து படை, நடுவில் மூன்று போதும். பத்து, பதினைந்து நிமிடத்தில் தட்டினால் டொக் என்று கேட்கும். அப்போது உள்ளே இருப்பவர் முகத்தைச் சுளித்து, வாயை அசைத்து, முன்னுக்குக் குனிந்தால் தானாகக் கையில் விழும். இழுக்காதே.

ஆபிரகாம் லிங்கனுக்கு 1860 இல் சிக்காகோவில் ஒரு சிற்பி பிளாஸ்ரர் முகம் எடுத்தார். ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் காய விட்டார். கழற்றும்போது நெற்றிப் பொட்டு மயிர் சேர்ந்து வந்து மனிதருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. வாசலீன் முக்கியம் என்று சொல்ல இதைவிட வேறு கதை வேண்டாம்.

பல்லுக்காரி | ஞாயிறு, காலை 6.50

ஐயா சொன்னது எல்லாம் சரி, ஒரு குறை மட்டும். பண்டேஜ் நேரே முகத்தில் வைத்தால் மூக்கும் கன்னமும் வரும், சுருக்கம் வராது. வாசலீனும் நூல் பின்னலும் சேர்ந்து எல்லாவற்றையும் மழுக்கிவிடும். பாட்டியின் முகத்தில் சுருக்கம் இல்லாவிட்டால் பிறகு என்ன இருக்கிறது?

நான் பல் வைத்தியரிடம் உதவியாளராக வேலை செய்கிறேன். பல்கட்டு அளவெடுக்க வாய்க்குள் வைக்கிற ரோஸ் நிறக் களி இருக்கிறதே, அல்ஜினேற், அதுதான் உங்களுக்கு வேண்டியது. கடற்பாசியிலிருந்து எடுப்பது. சூடு இல்லை, தோலில் ஒட்டாது, விரல்ரேகைகூட விழும். பல் மருத்துவச் சாமான் விற்கும் கடையில் 450 கிராம் அளவில் பக்கெற் வரும், ஒரு முகத்துக்கு ஒன்று போதும். கெதியாக இறுகும் வகையை வாங்க வேண்டாம். அது ஒன்று, இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். சாதாரண வகையைக் கேளுங்கள்.

வாய்க்கென்றால் 18 கிராம் தூளுக்கு 40 மில்லிலீற்றர் தண்ணீர் விடுவோம். முகத்துக்கு இன்னும் தளர்வாக, நிறையில் தூள் ஒன்றுக்குத் தண்ணீர் மூன்று. நெற்றியிலிருந்து கீழே வழிய விட்டுக் கையால் பரப்புங்கள். இறுகிய அல்ஜினேற் ரப்பர் மாதிரித் தொங்கும், தன் வடிவத்தைத் தானே பிடிக்காது. அதனால் மேலே ஐயாவின் பண்டேஜ் கவசம் வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டா. அல்ஜினேற் ஈரமாக இருக்கும்போதே பஞ்சுத் துணுக்குகளை ஆங்காங்கே மேலே அழுத்திவிட்டால் பண்டேஜ் அதைப் பிடித்துக்கொள்ளும்.

கழற்றியதும் தேத்தண்ணி குடிக்கப் போக வேண்டாம். அல்ஜினேற் தண்ணீரை இழந்து சுருங்கிக்கொண்டே இருக்கும். அரை மணித்தியாலத்துக்குள் பிளாஸ்ரர் ஊற்றிவிடுங்கள்.

பனிக்குளிர் | ஞாயிறு, காலை 9.15

ரொறன்ரோவிலிருந்து. இந்தக் காலத்தில் போனாலேயே முகத்தைச் சுற்றிப் படமெடுத்து முப்பரிமாணமாக அச்சடிக்கலாமே. வயது போன மனிசியை ஏன் கஷ்டப்படுத்த வேண்டும்? அதுவும் இல்லாவிட்டால் ஆயிரம் படம் எடுத்து வையுங்கள்.

கனகராயன்கரை | ஞாயிறு, பகல் 12.30

அண்ணா, படம் போனில் நிறைய இருக்கிறது. 2009 போரில் ஓடும்போது எங்கள் படப்பெட்டி விசுவமடுவில் நின்றுவிட்டது. அம்மப்பாவின் முகம் இப்போது அம்மம்மாவின் கைச்சாடையில் மட்டும்தான் இருக்கிறது, "மூக்கு இப்படி" என்று காட்டுவார். அதனால் நான் படம் எடுக்கிறதில் குறை வைப்பதே இல்லை.

இது தம்பிக்காக. அப்போது அவனுக்கு ஐந்து வயது. மாத்தளனில் ஷெல் துண்டு பட்டு இரண்டு கண்ணும் போயிற்று. அம்மம்மாதான் அவனை வளர்த்தவர். அவன் அவரைப் பார்ப்பது கையால்தான். அவனுக்கு நான் போனில் இருக்கிற படத்தைக் காட்டி என்ன?

முதலிலேயே எழுதியிருக்கலாம், மன்னியுங்கள்.

பனிக்குளிர் | ஞாயிறு, பகல் 1.05

மன்னிப்பு நான்தான் கேட்க வேண்டும் தங்கச்சி. அல்ஜினேற் அங்கே கிடைக்காவிட்டால் சொல்லுங்கள், வருகிற ஆளிடம் கொடுத்துவிடுகிறேன்.

மாங்குளம் சந்தி | ஞாயிறு, மாலை 4.20

பிள்ளை, எனக்குக் கலவை, நிறை ஒன்றும் தெரியாது. ஒரு விஷயம் மட்டும்.

முந்தி எங்கள் மாதர் சங்கத்தில் முகமூடி செய்ய ஒரு வகுப்பு நடந்தது. இதே பண்டேஜ்தான். மூன்றாவதாகக் கிடந்தவர் என் ஒன்றுவிட்ட அக்கா, நல்ல தைரியசாலி. கண்ணுக்கு மேலே ஈரத்துண்டு வைத்ததுதான் தெரியும், பழக்க வந்த பிள்ளையைத் தள்ளிவிட்டு எழும்பி முற்றத்துக்கு ஓடிவிட்டார். கனநேரம் கழித்துத்தான் கதைத்தார். இருட்டு, மேலே பாரம், ஈர மண் மணம். பங்கருக்குள் இருந்தது மாதிரி இருந்ததாம். அந்தப் பிள்ளை தெற்கிலிருந்து வந்தவ, பாவம், என்ன பிழை விட்டேன் என்று அழுதுகொண்டு நின்றா.

உங்கள் அம்மம்மாவும் மாத்தளன் வரை போனவர் என்கிறீர்கள். கண்ணைக் கடைசியாக மூடுங்கள். அறைக்குள் வேண்டாம், விறாந்தையில் வெளிச்சத்தில் இருத்துங்கள். ஒரு ஆள் கையைப் பிடித்துக்கொண்டு கதைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கையை இரண்டு தரம் அமத்தினால் உடனே எடுத்துவிடுவோம் என்று முன்கூட்டியே சொல்லி, ஒருக்கால் எடுத்தும் காட்டுங்கள். வாய் மூடியிருக்கும்போது "வேண்டாம்" என்று சொல்ல முடியாது என்பதுதான் பெரிய பயம்.

பல்லுக்காரி | ஞாயிறு, மாலை 5.00

அன்ரி, இது எனக்குத் தோன்றவே இல்லை. அல்ஜினேற்றில் ஒரு வசதி, இறுகமுன் என்றால் கையால் வழித்தெடுக்கலாம், இறுகின பின் என்றால் ஒரே இழுப்பில் வந்துவிடும். முன்னுக்குக் குனிந்தாலே போதும். கண்ணையும் மூக்கடியையும் கடைசிக்கு விடலாம், பிழையில்லை.

கனகராயன்கரை | செவ்வாய், இரவு 9.30

நேற்று என் முகத்தில் பண்டேஜ் போட்டுப் பார்த்தோம். அம்மா போட்டார், அம்மம்மா சாய்மனைக் கதிரையில் இருந்து மேற்பார்வை. வேலை சரியாகவே வந்தது, இடது புருவத்தில் வாசலீன் காணாமல் கொஞ்சம் மயிர் போனது (லிங்கன் ஐயா, விளங்கியது).

அம்மம்மாதான் இப்போது மாட்டேன் என்கிறார். பயம் இல்லையாம். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வெள்ளை பூசிக் கண்ணை மூடிக் கிடத்துறது செத்த பிறகு செய்யுங்கோ மோனை, அதுக்கு முதல் என்ன அவசரம்?" என்கிறார். என்ன சொல்வது என்று தெரியவில்லை. பார்க்க அப்படித்தான் இருந்தது.

முள்ளியவளைச் சாந்துக்கை | செவ்வாய், இரவு 10.40

நான் கோயில் வேலை செய்கிறவன், கோபுரப் பொம்மைகள், சீமெந்துச் சிலைகள். இரண்டு நாளாக வாசிக்கிறேன். இப்போதுதான் எனக்கு வேலை வந்திருக்கிறது.

ஆச்சி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஐரோப்பாவில் செத்தவர் முகத்தைத்தான் கூடுதலாக இப்படி எடுத்தார்கள், நெப்போலியனுக்கும் 1821 இல் எடுத்தார்கள். உயிரோடு இருப்பவரிடம் எடுத்தாலும் மூடிய கண்ணும் வெள்ளையும் சேர்ந்தால் பிணக்களை வந்துவிடும். இரண்டில் ஒன்றை மாற்றுங்கள்.

நிறம் சுலபம். நிலத்துச் சீமெந்துக்குப் போடுகிற சிவப்பு ஒக்சைட் தூள் ஹாட்வெயாரில் இருக்கும். தண்ணீர் விடமுன் பிளாஸ்ரர் தூளில் அதில் ஒரு தேக்கரண்டியும் ஒரு சிட்டிகை கறுப்பும் கலந்து அரித்துவிட்டால் மண்ணிறம் வரும். வண்ணம் பூசுவதைவிட இது நல்லது, பூச்சு சுருக்கங்களை நிரப்பிவிடும். கனக்கப் போடாதீர்கள், பலம் குறையும்.

கண்ணைப் பற்றி: கோயிலில் சிலை எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகத்தான் கண் திறப்போம், அதுவரை அது கல்லுத்தான். அச்சில் வந்த முகத்துக்கும் களிமண் வைத்து இமையைத் திறந்து கொடுக்கலாம். நான் வந்து செய்து தருகிறேன், காசு வேண்டாம்.

மற்றது, ஆச்சியை நேரே படுக்க வைக்காதீர்கள். வயதுக் கன்னம் காதுப் பக்கம் சரிந்து பத்து வயது குறைந்த வேறொரு மனிசி வருவா. அந்தச் சாய்மனைக் கதிரைதான் திறம். பல்கட்டு இருந்தால் போட்டுக்கொண்டே இருக்கட்டும். மூக்குத்தி, தோடு கழற்ற வேண்டும்.

ஊற்றும் முறை: ஒரு பெட்டியில் மணல் போட்டு அச்சை அதில் மல்லாக்க இருத்துங்கள், வளையாது. மூக்குத் துவாரத்தை வெளியிலிருந்து களிமண்ணால் அடையுங்கள். ஒரு பால்பேணி தண்ணீருக்கு இரண்டு பேணி தூள். தண்ணீருக்குள்தான் தூளைத் தூவ வேண்டும், மாறிச் செய்தால் கட்டி கட்டியாகும். தூவிவிட்டு இரண்டு நிமிடம் ஊற விட்டு, பிறகு மெல்லக் கிண்டுங்கள். மோர் அடிக்கிற மாதிரி அடித்தால் முகம் முழுக்கக் குமிழி. முதலில் கொஞ்சம் விட்டு அச்சை ஆட்டி ஆட்டி மூக்கு நுனிக்கும் சுருக்கங்களுக்கும் போக விட்டுப் பிறகுதான் மிச்சம். நடுவில் ஒரு சாக்குத் துண்டை நனைத்து வைத்தால் விழுந்தாலும் இரண்டாகாது. புதுத் தூள் என்றெல்லாம் கடைக்காரர் சொல்வார், பையைத் தொட்டுப் பாருங்கள். மாரிக்கு ஈரம் குடித்த தூள் கையில் உருண்டையாக நிற்கும், அது செத்த தூள்.

பழைய பட்டறை | புதன், காலை 5.45

சாந்துக்கை சொன்ன தூள் விஷயம் உண்மை. கலக்கும்போது மூக்கை மூடிக்கொள், தூசு நெஞ்சுக்குக் கூடாது. மிஞ்சினதைக் குழாய்க்குள்ளோ கிணற்றடி வாய்க்காலிலோ ஊற்றாதே, உள்ளேயே கல்லாகும். பிளாஸ்ரிக் பேசினில் விட்டுவிட்டு மறுநாள் நெரித்தால் தானாக உடைந்து வரும்.

அவசரக்காரன் | புதன், காலை 8.10

சரி சரி, சீமெந்துக் கதையை விடுங்கோ. ஆச்சி முகத்துக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் கையையாவது எடுக்கலாமே? வாளியில் பிளாஸ்ரர் கரைச்சுக் கையை உள்ளே விடச் சொன்னால் போதும்.

பல்லுக்காரி | புதன், காலை 8.25

தம்பி! 2007 இல் இங்கிலாந்தில் 16 வயதுப் பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று சித்திர வகுப்பில் இதையேதான் செய்தது. வாளிக்குள் பிளாஸ்ரர் இறுகிக் கை மாட்டிக்கொண்டது, உள்ளே வெந்துபோய் விரல்களைக் கழற்ற வேண்டி வந்தது. வாளியளவு பிளாஸ்ரருக்குள் உடம்பின் எந்தப் பாகமும் போகக்கூடாது. கை எடுக்க ஆசையென்றால் வாளியில் அல்ஜினேற்றைக் கரைக்க வேண்டும்.

அவசரக்காரன் | புதன், காலை 8.31

தெரியாமல் சொல்லிவிட்டேன் அக்கா. இனி வாசிக்க மட்டும்.

கனகராயன்கரை | சனி, பகல் 2.15

அல்ஜினேற் யாழ்ப்பாணத்திலிருந்து வந்துசேர்ந்தது. அதைப் பார்த்ததும் அம்மம்மாவின் கதையே மாறிவிட்டது. ரோஸ் நிறம், மிண்ட் வாசம். "இது ஐஸ்கிறீம் மாதிரியெல்லோ இருக்கு" என்று தானே கதிரையில் வந்து இருந்துவிட்டார்.

ஆனால் நான் கலக்கி முடிக்கமுன் அது பேசினுக்குள்ளேயே இறுகிவிட்டது. ஒரு நிமிடம்கூட இல்லை. சாதாரண வகைதான், உறையைப் பார்த்துத்தான் வாங்கினேன். பாதிப் பக்கெற் போய்விட்டது.

பல்லுக்காரி | சனி, பகல் 2.40

எந்தத் தண்ணீர்? கிணற்றுத் தண்ணீர் என்றால் அதுதான். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தக் கல்சியம்தான் அல்ஜினேற்றை இறுக வைக்கிறது. தூளுக்குள்ளேயே அது அளந்து போட்டிருக்கும், உங்கள் கிணறு கூடக் கொஞ்சம் சேர்த்துவிட்டது. வெயிலுக்குத் தண்ணீரும் சூடாக இருந்திருக்கும். குடிக்க வாங்குகிற, உப்பு வடித்த ஆர்.ஓ. தண்ணீரை ஃபிரிட்ஜில் வைத்துக் குளிராக்கிப் பாவியுங்கள். விடியப்புறம் செய்யுங்கள். முழுப் பக்கெற் புதிதாக வேண்டும், மிச்சப் பாதியில் உங்கள் கையில் ஒரு தரம் பழகுங்கள்.

கனகராயன்கரை | அடுத்த ஞாயிறு, இரவு 7.50

முடிந்தது.

காலை ஆறு மணி, விறாந்தை, சாய்மனைக் கதிரை. குளிர்ந்த ஆர்.ஓ. தண்ணீர். நான் பூச, அம்மா பண்டேஜ் போட, தம்பி கையைப் பிடித்துக்கொண்டு இருந்தான். மாங்குளம் அன்ரி சொன்னபடி நெற்றி, கன்னம், நாடி எல்லாம் முடித்துக் கடைசியாகத்தான் கண். அந்த இடத்தில் அம்மம்மாவின் கை ஒருக்கால் இறுகியது. இரண்டாம் தரம் அமத்துகிறாரா என்று தம்பி காத்துக்கொண்டே, வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய்க் கூட்டத்தில் தொலைந்த கதையைச் சொல்ல ஆரம்பித்தான். அவர் நூறு தரம் கேட்ட கதை. கை தளர்ந்துவிட்டது. களியும் கவசமும் சேர்த்து 17 நிமிடம். குனிந்தார், விழுந்தது. முதலில் கேட்டது பிளேன்ரீ.

சிவப்புத் தூள் போட்டு ஊற்றினோம். நாடிக்குக் கீழே இரண்டு குமிழி, இடது காதோரம் கொஞ்சம் உடைந்தது. மற்றபடி மேலுதட்டுக் கோடுகள்கூட எண்ணலாம்.

சாந்துக்கை அண்ணா, கண் திறக்க வருகிறேன் என்று சொன்னதற்குப் பெரிய நன்றி. தம்பியிடம் கேட்டேன். வேண்டாம் என்கிறான். அவன் முகத்தைத் தடவும்போதெல்லாம் அம்மம்மா கண்ணை மூடிக்கொண்டுதான் இருப்பாராம், அவனுக்குத் தெரிந்த முகத்தில் கண் மூடித்தான் இருக்கிறது. எனக்கு இது இவ்வளவு காலமும் தெரியாது.

அவன் கண்டுபிடித்த பிழை வேறு. முழுக்கத் தடவிவிட்டு, "மூக்குத்தி எங்கே? இது மூக்கு மட்டும்தான்" என்றான். துளையும் இல்லை, வாசலீன் அடைத்துவிட்டது போல. அம்மம்மா தன்னுடைய பழைய மூக்குத்தியை எடுத்துத் தந்திருக்கிறார். இனித் துளை போடலாமா, வெடித்துவிடுமா?

முள்ளியவளைச் சாந்துக்கை | அடுத்த ஞாயிறு, இரவு 8.20

இன்றைக்குத்தானே ஊற்றினீர்கள், இன்னும் உள்ளே ஈரம் நிற்கும். இதுதான் நல்ல நேரம். ஆணி அடிக்க வேண்டாம். தையல் ஊசியைத் துணியால் சுற்றிப் பிடித்து, அழுத்தாமல் விரலுக்குள் உருட்டி உருட்டிக் குடையுங்கள். தூளை ஊதிக்கொண்டே போங்கள். எந்தப் பக்கம், எவ்வளவு உயரம் என்று நீங்கள் பார்த்துக் குறிக்காதீர்கள். தம்பியின் விரலை வைத்துக் குறியுங்கள்.